டோர் லாக்

மஞ்சக்குப்பத்தில் ஆயிரத்து நானூறு மீட்டர்கள்
என் பொறுப்பு.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஒவ்வொன்றின் முகத்திலும் டார்ச் அடித்து
எண்ணைப் படித்து
வெள்ளை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
நாய்களுக்கு என்னைத் தெரியும்.
சில வீடுகளில் நாய்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆயிரத்து நானூற்று ஒன்றாவது
எந்தக் கம்பத்திலிருந்தும் இழுக்கப்படவில்லை.
மேஷத்துக்குக் கீழே, அக்கம்பக்கம் குறைந்த இடம்.
நுகர்வோர் பெயர்: மீரா.
நிறம்: அணையப் போகும் கரித்துண்டு.
இருபத்தேழில் சேர்த்தி இல்லை,
அதனால் அதில் பிறந்தவர்கள் யாரும் இல்லை,
பெயர்ச்சி இல்லை, பரிகாரம் இல்லை.

பதினோரு மாதத்துக்கு ஒரு சுற்று.
சில வாரம் நன்றாக எரியும்.
பிறகு ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து
கண்ணிலிருந்து போய்விடும்.
பக்கத்து வீட்டு இரண்டு விண்மீன்களுக்கு நடுவே
அதை உட்காரவைத்து,
இவரை விட மங்கல், அவரை விட வெளிச்சம்
என்று பார்த்துத்தான் ரீடிங்.
எண் ஏறினால் வெளிச்சம் இறங்கியது என்று பொருள்.
இந்தத் தலைகீழ்க் கணக்கை
எங்கள் ஏ.இ.யிடம் சொல்லிப் பார்த்தேன்.
லீவு வேண்டுமா அமலோற்பவம், என்றார்.

கண்ணுக்குத் தெரியாத மாதங்களில்
அட்டையில் எழுதுவேன்: டோர் லாக்.
பூட்டிய வீட்டுக்குப் பழைய சராசரியைப் போடுவது
எங்கள் வழக்கம்.
இதற்குப் போட்டதில்லை.

அந்த மார்கழியில் புயல் வந்தது.
பேர் தானே.
யாரும் கூப்பிடவில்லை, தானே வந்தது.
விடிந்தபோது
கம்பங்கள் எல்லாம் ஒரே திசையில் விழுந்து கிடந்தன,
கும்பிடு போட்டவை போல.
மீட்டர் படிக்கிற வேலை போய்
கம்பம் எண்ணுகிற வேலை வந்தது.
வண்டிப்பாளையத்தில் நூற்றுப்பன்னிரண்டு வரை எண்ணி
விட்டுவிட்டேன்.
மீட்டர்கள் அத்தனையும் நின்ற எண்ணிலேயே நின்றன.
எப்போம்மா கரண்டு வரும்,
எப்போம்மா கரண்டு வரும்,
எப்போம்மா.

ராத்திரி, கடலூர் கடலைப் போல இருண்டது.
மொட்டைமாடிகளில் பாய் விரித்துக் கிடந்தார்கள்.
துறைமுகம் வரைக்கும் ஒரு பல்பு இல்லை.
இந்த இருட்டைத்தான்
பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கேட்டவள் நான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

உச்சிக்கு நேரே வந்திருந்தது அந்த இடம்.
இடம் மட்டும்.
பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்,
துல்லியமாக, துடைத்து வைத்த மாதிரி.
நடுவே ஒன்றும் இல்லை.
அடுத்த மாடியிலிருந்து ரெஜினாள் கேட்டாள்:
அங்கே என்னக்கா?
இங்கே ஒன்று இருக்கு, என்றேன்.
எங்கே?
இப்போ தெரியாது.
அவள் சிரிக்கவில்லை.
அவள் வீட்டுக் கூரை ஓடு
எதிர்வீட்டுக் கிணற்றில் கிடந்தது.

மெழுகுவர்த்தியில் எழுதினேன்: டோர் லாக்.

தெருத் தெருவாக வெளிச்சம் திரும்பியது.
முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கலெக்டர் ஆபீஸ்,
கடைசியில், எப்போதும் போல, கடைசியில் இருப்பவர்கள்.
சித்திரையில் சூரியனே போய்
அந்த வாசலை மறித்து நின்றது.

ஆவணி. ராத்திரி பதினொன்றரை. தேவனாம்பட்டினம்.
கடலுக்கு மேல் ஒரு கை உயரத்தில், சிவப்பாக.
புதுசாக நட்ட ஹைமாஸ்ட் விளக்கு
பக்கத்திலேயே நின்று கண்ணைக் குத்தியது.
பழுது பார்க்க வந்த தனவேல்
பெட்டிக்குள் கையை விட்டபடி திரும்பிப் பார்த்தான்.
செவப்பா ஒண்ணு தெரியுதே, போட்டாக்கா?
போட்டு இல்லை.
மூன்றா, மூன்று புள்ளி இரண்டா?
உள்ளங்கையால் விளக்கை மறைத்துப் பார்த்தேன்.
ஒரு தரம் இரண்டு எட்டு என்றுகூடத் தோன்றியது.
முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம்.
எங்கள் ஆபீசில் இவ்வளவு பழைய ரீடிங்கை
வாங்க மாட்டார்கள்.

தனவேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒரு நிமிஷம் ஃபியூசைப் பிடுங்கட்டுமா,
யாருக்குத் தெரியப் போகுது, என்றான்.

வேண்டாம் என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.